நூலில் கட்டிய வேகம்

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியின் இலக்கு அட்டையை முதன்முதலாகக் கையில் வாங்குபவர்கள், தவறான அட்டையைக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைப்பதுண்டு. வெளிவட்டத்தின் விட்டமே 45.5 மில்லிமீட்டர்தான்; மொத்தமும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவே பத்து மதிப்பெண் தரும் இடம் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளைப் புள்ளி. பத்து மீட்டர் தள்ளி நின்று அதைச் சுட வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குண்டின் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் இரண்டரை மில்லிமீட்டர் வரை விலகலாம். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்குறி 0.2 மில்லிமீட்டர் அசைந்தாலே அந்தப் பத்து கைவிட்டுப் போகும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது அவருடைய கடைசிக் குண்டுக்குக் கிடைத்தது 10.8. ஒரு குண்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 10.9.

நம்மில் பலர் ஏர்கன்னைத் தொட்டது மெரினாவிலோ ஊர்த் திருவிழாவிலோ பலூன் சுடும் கடையில்தான். பலூன் வெடித்தால் சந்தோஷம், வெடிக்காவிட்டால் அடுத்த குண்டு. எங்கே தவறியது, ஏன் தவறியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியதும் விளையாட்டின் தன்மை மாறிவிடுகிறது. குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது? ஒவ்வொரு குண்டும் ஒரே அளவா? விசையை இழுத்த பிறகு துப்பாக்கி அசைகிறதா? இவை எதையும் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. பார்ப்பதற்கான கருவிகள் கடையில் உண்டு. விலை துப்பாக்கியின் விலையை எட்டிவிடும். ஆனால் இயற்பியல் கொஞ்சம் தெரிந்தால் நூல், களிமண், கண்ணாடித் துண்டு, பழைய புடவை, கையிலிருக்கும் செல்போன் ஆகியவற்றைக் கொண்டே அந்தக் கருவிகளுள் பெரும்பாலானவற்றை வீட்டில் செய்துவிடலாம். காசு மிச்சம் என்பது இதில் சிறிய லாபம். கடைக் கருவி விடையை மட்டும் சொல்லும். நாமே செய்த கருவியில் அந்த விடை எப்படி வருகிறது என்பதும் தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது குண்டு பிடிக்கும் பெட்டி. பத்து மீட்டர் போட்டி ரைபிளில் குண்டின் எடை ஏறக்குறைய அரை கிராம், வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் அதன் ஆற்றல் சுமார் 7 ஜூல். சிறிய எண்தான். ஆனால் குண்டு எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது கொடுக்கும் விசை அமையும். இரும்புத் தகட்டில் மோதும் ஈயக்குண்டு நான்கு மில்லிமீட்டருக்குள் நசுங்கி நின்றால், சராசரி விசை 180 கிலோ எடைக்குச் சமம். அதே குண்டு துணிக்குள் நான்கு சென்டிமீட்டர் புதைந்து நின்றால் 18 கிலோதான். நிற்கும் தூரம் பத்து மடங்கு கூடும்போது விசை பத்தில் ஒரு பங்காகிறது.

இதனால்தான் பழைய பருத்திப் புடவை இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தம். இறுக்கமாகச் சுருட்டி அடைத்த துணியில் குண்டு நுழையும்போது இழைகள் அறுவதைவிட இழுபடுவதுதான் அதிகம். ஒரு மடிப்பின் இழுவை அடுத்த மடிப்புக்குப் போய், பக்கவாட்டில் பரவுகிறது. துணியைப் பிரித்துப் பார்த்தால், குண்டு தன்னைச் சுற்றி நூலைச் சுற்றிக்கொண்டு, பெரும்பாலும் உருக்குலையாமல் கிடக்கும்.

பிளைவுட்டில் ஓரடிச் சதுரப் பெட்டி, ஆழமும் அரை அடிக்குக் குறையாமல். பின்பலகையின் உட்புறம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு. அதற்கு முன்னால் அசைக்க முடியாத அளவுக்கு இறுக்கி அடைத்த துணி. முகப்பில் ஒரு கெட்டி அட்டை, அதன்மேல் இலக்கு. ஒரே இடத்தில் குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தால் துணி அங்கே குடைபட்டுப்போகும். அவ்வப்போது பிரித்து மாற்றி அடைக்க வேண்டும். பெட்டிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்கட்டும், கதவோ ஜன்னலோ வேண்டாம். எஃகு உருண்டைகளை இதில் சுடக் கூடாது. ஈயம் நசுங்கித் தன் ஆற்றலைத் தானே தின்றுவிடும். எஃகு நசுங்காது, கெட்டியான எதன்மேல் பட்டாலும் திரும்பி வரும். எதைச் சுட்டாலும், சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும்.

வெறும் இரும்புத் தகட்டைச் சரித்து வைத்துச் சுடுவோரும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு மோதலிலும் ஈயம் நுண்துகளாகச் சிதறுகிறது, அதைத்தான் மூச்சில் இழுக்கிறோம். துணிப் பெட்டியில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்த துணியை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. சேர்ந்த ஈயத்தை அடுப்பில் வைத்து உருக்கும் எண்ணம் கூடவே கூடாது; குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும்.

பெட்டி தயாரானால் வேகத்தை அளக்கலாம். நொடிக்கு 170 மீட்டர் போகும் பொருளை, ஸ்டாப்வாட்ச் கூட இல்லாமல் அளப்பது எப்படி? விடை கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணிதர். 1707இல் பாத் நகரத்தில் ஏழைக் குவேக்கர் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூல் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. மூன்றே ஆண்டுகளில் ஆய்லர் என்னும் கணித மாமேதை அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, விரிவான விளக்கமும் எழுதினார். அந்த நூலின் உயிர், ஊசலாடும் ஒரு மரக்கட்டை. குண்டைக் கட்டைக்குள் பாய்ச்சு. கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடு. அவ்வளவுதான்.

இதை நம் மேசைக்குக் கொண்டுவரலாம். சிறிய தகர டப்பாவில், குழந்தைகள் விளையாடும் காயாத களிமண்ணை அடைத்து, மொத்த எடை 200 கிராம் வருமாறு செய்யுங்கள். டப்பாவின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தொங்கவிடுங்கள். ஒற்றை நூலில் தொங்கினால் டப்பா சுழலும், குட்டிக்கரணம் அடிக்கும். நான்கு நூல் இருந்தால் முகம் திரும்பாமல் முன்னும் பின்னும் மட்டுமே ஆடும். பின்புறம் ஒரு அளவுகோலைப் படுக்க வைத்து, அதன்மேல் இலேசான காகிதத் துண்டை மடித்து உட்கார வையுங்கள். டப்பா ஆடும்போது காகிதத்தைத் தள்ளிக்கொண்டு போய், எட்டிய எல்லையில் விட்டுவிட்டுத் திரும்பும். ராபின்ஸ் இதற்கு ஒரு ரிப்பனைப் பயன்படுத்தினார்.

துப்பாக்கி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடையில் ஓட்டையுள்ள அட்டை ஒன்று நிற்கட்டும். குழலிலிருந்து குண்டோடு வெளிவரும் காற்று டப்பாவைத் தள்ளிவிடாமல் அது தடுக்கும். ஊசலுக்குப் பின்னால் குண்டு பிடிக்கும் பெட்டி கட்டாயம்.

சுட்டதும் டப்பா நகர்வது 13 சென்டிமீட்டர் சொச்சம். இந்த அளவுகளில் டப்பா நகரும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குண்டின் வேகம் நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். பதின்மூன்றரை சென்டிமீட்டர் என்றால் 169 மீட்டர். அளவுகோலில் அரை சென்டிமீட்டர் தவறாகப் படித்தாலும் பிழை நூற்றுக்கு நான்குக்குள்தான். களிமண்ணும் நூலும் சேர்ந்து காட்டும் துல்லியம் இது.

கணக்கு எளிது. குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது அதன் உந்தம். மோதலுக்கு முன்பும் பின்பும் மொத்த உந்தம் மாறாது. அரை கிராமிடம் இருந்த உந்தத்தை இப்போது 200.5 கிராம் சுமக்கிறது. அதாவது 401 மடங்கு எடை. வேகம் 401இல் ஒரு பங்காகிவிட்டது. நொடிக்கு 170 மீட்டர் என்பது 42 சென்டிமீட்டராகச் சுருங்கி, கண்ணால் பார்க்கக்கூடியதாகிவிட்டது. மீதியை ஊசலின் விதி பார்த்துக்கொள்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். குண்டு கொண்டுவந்த ஆற்றல் 7 ஜூல். ஆடும் டப்பாவிடம் இருப்பதைக் கணக்கிட்டால் 0.018 ஜூல். அதாவது நானூறில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் எங்கே போயிற்று? களிமண்ணைக் குடைந்ததிலும், குண்டை நசுக்கியதிலும், வெப்பமாகவும் கரைந்துவிட்டது. ஆற்றலை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் விடை தலைகீழாகத் தவறியிருக்கும். வெப்பம், நசுங்கல், சத்தம் எதுவும் தொட முடியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டதுதான் ராபின்ஸின் மேதைமை. பள்ளிப் பாடத்தில் உந்த அழிவின்மை விதியை ஒரு வரியில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அந்த வரி வேலை செய்வதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ராபின்ஸ் அதோடு நிற்கவில்லை. ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டு, காற்று குண்டின் வேகத்தை எவ்வளவு தின்கிறது என்று அளந்தார். அதுவரை அறிஞர்கள் பலர் காற்றின் தடையைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அது மிகப் பெரியது என்றும், ஒலியின் வேகத்தை நெருங்கும்போது திடீரென்று கூடுகிறது என்றும் அவர் கண்டார். 1746இல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைகளைச் சீரமைக்க அவரைத் தலைமைப் பொறியாளராக இந்தியாவுக்கு அனுப்பியது. 1750இல் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு ஜூலையில், 44 வயதில், காய்ச்சலால் இறந்தார். இறந்த இடம் கடலூரின் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டை. 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்ததும் அதே கடலூரில்தான். குண்டின் வேகத்தை முதலில் ஒழுங்காக அளந்த மனிதர் மறைந்த ஊர் அது என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நூல் கட்டும் பொறுமை இல்லாதவர்களுக்குச் செல்போன் இருக்கிறது. அதிலுள்ள ஒலிப்பதிவு, ஒரு நொடியைப் பெரும்பாலும் 44,100 துண்டுகளாக நறுக்கிச் சேமிக்கிறது. சுடும் சத்தம், குண்டு பெட்டியில் மோதும் சத்தம் இரண்டையும் பதிவுசெய்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் விரித்துப் பார்த்தால் இரண்டு கூரான மேடுகள் தெரியும். இடையே உள்ள நேரத்தால் தூரத்தை வகுத்தால் வேகம் வந்துவிடும்.

ஆனால் செல்போனை எங்கே வைக்கிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பத்து மீட்டர் தூரத்தை 170 மீட்டர் வேகத்தில் கடக்க 59 மில்லிநொடி ஆகும். அதே பத்து மீட்டரைக் கடக்க ஒலிக்கு 29 மில்லிநொடி. துப்பாக்கிக்குப் பக்கத்தில் போன் இருந்தால், மோதும் சத்தம் திரும்பி வர எடுக்கும் நேரமும் சேர்ந்து 88 மில்லிநொடி காட்டும். வேகம் 114 மீட்டர் என்று ஏமாறுவோம். போனை இலக்குக்குப் பக்கத்தில் வைத்தால், சுடும் சத்தம் தாமதமாக வந்து சேர்வதால் இடைவெளி 30 மில்லிநொடிதான் தெரியும். வேகம் 330 மீட்டருக்கு மேல்! ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, மூன்று மடங்கு வேறுபாடு. இரண்டிலிருந்தும் சம தூரத்தில், பாதையிலிருந்து விலக்கி ஓரமாகப் போனை வையுங்கள். இரண்டு சத்தங்களும் ஒரே அளவு தாமதமாக வரும். கழிக்கும்போது தாமதம் தானாக அடிபட்டுப்போகும். சித்திரை வெயிலில் ஒலி கொஞ்சம் வேகமாகப் போகும், மார்கழியில் கொஞ்சம் மெதுவாக. அந்தக் கவலையும் இல்லை.

இப்படி வருவது பத்து மீட்டருக்குமான சராசரி வேகம். துப்பாக்கிக்கு அருகில் தொங்கிய ஊசல் காட்டியது தொடக்க வேகம். முன்னது சற்றுக் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தில் இருப்பது ராபின்ஸ் தேடிய காற்றுத் தடை.

அடுத்தது குண்டுகளைத் தரம் பிரிப்பது. வீட்டு உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏர்கன் குண்டு இடை சிறுத்தது; தலை ஒரு வட்டம், பின்னால் பாவாடைபோல் விரிந்த வட்டம் இன்னொன்று. தலையைவிடப் பாவாடை சற்றே பெரிது. காற்று அழுத்தும்போது விரிந்து குழலின் சுவரை அடைத்துக்கொள்வது அந்தப் பாவாடைதான். ஒரே டப்பாவில் வரும் குண்டுகளின் தலை விட்டத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு சாதாரணம். அதை அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். மெல்லிய ஈயம் மைக்ரோமீட்டரின் பிடியில் நசுங்கியும்விடும்.

டீக்கடைக் காகிதக் கப்பைத் தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள். நேராகப் போகாது, வட்டமடிக்கும். ஒரு முனை பெரிது, மறுமுனை சிறிது என்பதால் பெரிய முனை அதிகத் தூரம் போகிறது. குண்டும் அப்படியே. தலை 4.50 மில்லிமீட்டர், பாவாடை 4.70, இரண்டுக்கும் இடையே 5 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அது அடிக்கும் வட்டத்தின் ஆரம் 112 மில்லிமீட்டர். தலை மட்டும் 4.51 ஆனால் ஆரம் 118 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் ஆறு மில்லிமீட்டராகப் பெருகிக் கண்முன் நிற்கிறது! அறுநூறு மடங்கு உருப்பெருக்கம், லென்ஸ் எதுவும் இல்லாமல்.

செய்வதற்குத் தேவை மட்டமாக வைத்த ஒரு கண்ணாடித் துண்டு. ஓரத்தில் அளவுகோலைச் சாய்த்து ஒரு சிறு சரிவு. எல்லாக் குண்டுகளையும் ஒரே உயரத்திலிருந்து, தலை ஒரே பக்கம் இருக்கும்படி விட வேண்டும். கால் வட்டம் உருளும் இடத்தில், கண்ணாடிக்கு அடியில் கோடு போட்ட தாள். எந்தக் கோட்டைக் கடக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குவியல் குவியலாகப் பிரிக்கலாம். பாவாடை நெளிந்த குண்டு தள்ளாடிக்கொண்டே போய் எங்கோ ஒதுங்கும். அதைத் தனியே எடுத்துவிடுங்கள். மனம் ஒன்றிச் செய்ய வேண்டிய வேலை, ஒரு டப்பாவுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். முடிந்ததும் கையைக் கழுவ மறக்கக் கூடாது.

துப்பாக்கியைத் தாங்கும் மணல் பை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸின் கால் பகுதியை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, சலித்து வெயிலில் காயவைத்த மணலை முக்கால் அளவுக்கு நிரப்பி, மறுமுனையையும் தைத்துவிட்டால் போதும். அழுத்தும்போது மணல் துகள்கள் நகர்ந்து இடம் கொடுக்கும். இடம் கிடைத்ததும் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்ளும். முழுக்க நிரப்பினால் நகர இடமிருக்காது. அரிசி போட்டால் வண்டு வரும்.

ஆனால் ஸ்பிரிங் வைத்த ஏர்கன்னை இந்தப் பையில் நேராகக் கிடத்தினால் குண்டு எதிர்பாராத இடத்தில் விழும். காரணம் சுவையானது. விசையை இழுத்ததும் உள்ளே உள்ள பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. அதனால் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. பிஸ்டன் அழுத்திய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னோக்கி இழுபடுகிறது. இந்த இரண்டு அசைவுகளும் ஏறக்குறைய நூறில் ஒரு நொடிக்குள் நடக்கின்றன. குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. அந்த நகர்வை நம்மால் நிறுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நகரும்படி செய்யலாம். அதனால் பையின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, அதன்மேல் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் இருத்த வேண்டும். ஒலிம்பிக் போட்டி ரைபிள்களில் முன்கூட்டியே அடைத்த காற்றுதான் இருக்கிறது. அவற்றுக்கு இந்த இரட்டை உதைப்பு இல்லை.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. துப்பாக்கியின் உட்பாகத்தைத் திறந்து ஸ்பிரிங்கை மாற்றுவது, வேகம் கூட்ட முயல்வது, சத்தத்தை அடக்கும் குழாய் பொருத்துவது ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். காற்று அறைக்குள் கண்ட எண்ணெயையும் விடக் கூடாது. பிஸ்டன் அழுத்தும் அந்தக் கண நேரத்தில் காற்று பல நூறு டிகிரி சூடேறுகிறது. டீசல் எஞ்சினில் நடப்பதுபோலவே எண்ணெய் அங்கே பற்றிக்கொள்ளும். சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டத்துக்கோ 20 ஜூல் ஆற்றலுக்கோ மேற்பட்ட ஏர்கன்களுக்கு உரிமம் வேண்டும். களிமண் ஊசலில் கிடைத்த வேகத்தையும் குண்டின் எடையையும் வைத்து, உங்கள் துப்பாக்கி எத்தனை ஜூல் என்று நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

குருவி, மைனா, கொக்கு என்று பறவைகளைக் குறிவைக்கத்தான் நம் ஊர்களில் பல ஏர்கன்கள் இன்னும் பயன்படுகின்றன. காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒரு துப்பாக்கி மூலையில் கிடந்தால், அதை வைத்திருப்பவருக்கு இந்தப் பெட்டியைச் செய்துகொடுங்கள். களிமண் டப்பாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காட்டுங்கள். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். கணக்குப் போடும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.